குட்டியின் நாக்கு வரை: ஒரு புழு மருந்தின் வரலாறு

கார்த்திகை மழை ஓய்ந்து புதுச்சேரியின் பாகூர் ஏரி நிரம்பி நிற்கும் நாட்களில், செலியமேடு சுற்றுவட்டாரத்தில் ஆடு வைத்திருப்பவர்கள் மருந்துக் கடையில் தவறாமல் கேட்கும் பொருள் ஒரு வெள்ளைத் திரவம். சும்மா வைத்தால் அடியில் மாவு தங்கி மேலே தண்ணீர் தெளிந்துவிடும். நன்றாகக் குலுக்கினால்தான் மருந்து. பாட்டிலின் மேல் அல்பெண்டசோல் என்று அச்சிட்டிருக்கும். வாங்க வருபவர் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "அண்ணே, ஆட்டுக்குப் பூச்சி மருந்து குடுங்க" என்பார். "எத்தனை ஆடு?" என்று கேட்டு, அதற்கேற்ற பாட்டிலைக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார்.

இந்தத் திரவம் உலகத்தின் எந்த மூலையில் பிறந்தது, யார் யார் கையில் மாறியது, பாகூர் கொம்யூனில் ஒரு மூன்று மாதக் குட்டியின் நாக்கில் விழுந்த பிறகு அதற்கு என்ன ஆகிறது என்று முழுவதுமாகச் சொல்ல விரும்புகிறேன். அதன் ஆயுள் நம் கண்ணெதிரே குறைந்துகொண்டு வருகிறது. குறைப்பது நாம்தான், நிறுத்தவும் நம்மால் முடியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மருந்தின் கதைக்கு முன்னால் புழுவின் கதை. ஆட்டின் நான்காவது வயிற்றில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் உருண்டைப்புழு ஒன்று உண்டு. ஹீமாங்கஸ் கன்டார்டஸ் என்பது அதன் பெயர். ருடால்ஃபி என்ற அறிஞர் 1803-ல் அதை விவரித்துப் பதிவு செய்தார். அதன் வாழ்க்கைச் சுழற்சியை 1915-ல் தென்னாப்பிரிக்காவில் வெக்லியா என்பவர் விரிவாக எழுதினார். பெண்புழு 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளம். இறந்த ஆட்டின் வயிற்றை அறுத்துப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும்: இரத்தம் நிறைந்த சிவப்புக் குடலைச் சுற்றி வெள்ளைக் கருப்பை சுருண்டு கிடப்பதால், சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய நூல் மாதிரி இருக்கும்.

ஒரு புழு ஒரு நாளில் எடுக்கும் இரத்தம் சுமார் 0.05 மில்லி. கேட்கும்போது ஒன்றுமில்லை என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 கிலோ எடையுள்ள குட்டியின் உடம்பில் மொத்த இரத்தமே ஏறக்குறைய அரை லிட்டருக்குச் சற்று மேல். 500 புழுக்கள் இருந்தால் நாளொன்றுக்கு 25 மில்லி போகிறது. பெரிய ஆடு இந்த இழப்பைக் கொஞ்ச நாள் தாங்கும். குட்டியால் தாங்க முடியாது. முதலில் கண் இமையின் உள்பக்கம் வெளுக்கும். பிறகு இரத்தத்தில் புரதம் குறைந்து, தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கும். மேய்ந்துவிட்டு வரும் சாயங்காலத்தில் வீக்கம் நன்றாகத் தெரியும், காலையில் வடிந்தது போல் இருக்கும். "காலையில சரியாப் போச்சு" என்று பலர் விட்டுவிடுவது இங்கேதான். இரண்டு மூன்று நாளில் குட்டி படுத்துவிடும். இந்தப் புழுவால் பெரும்பாலும் கழிச்சல் கூட வருவதில்லை. புழுக்கை கெட்டியாகவே போகும். அதனால் சாவு திடீரென்று வந்தது போலத் தோன்றும்.

ஒரு பெண்புழு ஒரு நாளில் 5,000 முட்டைகளுக்கு மேல் இடும். அந்த 500 புழுக்களில் பாதி பெண் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு குட்டி ஒரே நாளில் பன்னிரண்டரை லட்சம் முட்டைகளைப் புழுக்கையோடு தரையில் போடுகிறது. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் முட்டை பொரிந்து, ஒரு வாரத்துக்குள் இளம்புழு தொற்றும் நிலைக்கு வந்துவிடும். பனித்துளியின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு புல்லின் மேல் ஏறும். தரையிலிருந்து இரண்டு அங்குலம் வரைதான் பெரும்பாலும் ஏறும். ஆடு அந்தப் புல்லைக் கடித்தால் உள்ளே போய்விடும். சுமார் மூன்று வாரத்தில் அது வளர்ந்து முட்டையிடத் தொடங்கும்.

இந்த மண்ணுக்கும் இந்தப் புழுவுக்கும் நல்ல பொருத்தம். தெற்கே தென்பெண்ணை, அதிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால், புதுச்சேரியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரியான பாகூர் ஏரி, சுற்றிலும் நெல் வயல். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டிவிடுகிறது. வயலில் தண்ணீர் நிற்கும்போது ஆட்டுக்கு மிஞ்சுவது ஏரிக்கரையும் வாய்க்கால் ஓரமும் வரப்பும்தான். ஊரில் உள்ள அத்தனை ஆடும் அந்தக் குறுகிய பசும்பட்டையிலேயே மேய்ந்து, அங்கேயே புழுக்கை போட்டு, அங்கேயே மறுபடி மேய்கின்றன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்தபோது பாகூர் பக்கத்து ஊர்கள் வெள்ளத்தில் நின்றன. அப்படிப்பட்ட காலத்தில் ஆடுகள் கிடைத்த மேட்டில் நெருக்கமாக அடைபடும். வெள்ளம் வடிந்த இரண்டு மாதத்தில் புழு வேறு ஒரு வெள்ளமாக வரும். அது செய்தித்தாளில் வராது.

இப்போது மருந்து. அல்பெண்டசோலுக்கு முன்னோர் பலர். மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்து ஆட்டுக்கு ஊற்றும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. புகையிலையின் நிகோடினைச் சேர்த்துக் கொடுத்தவர்களும் உண்டு. இரண்டுமே புழுவைக் கொல்லும் அளவுக்கும் ஆட்டைக் கொல்லும் அளவுக்கும் இடையே அதிக தூரம் இல்லாதவை. 1938-ல் பீனோதையசின் என்ற பொடி புழுவுக்கு எதிராகப் பயன்படும் என்று கண்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் உலகமெங்கும் ஆட்டுப் பண்ணைகளை அதுதான் தாங்கியது. ஒரு வேளைக்குப் பல கிராம் பொடியைக் கரைத்து ஊற்ற வேண்டும், ஆட்டின் சிறுநீர் சிவந்து போகும் என்றாலும் அதைவிட நல்லது கையில் இல்லை.

பெரிய திருப்பம் 1961-ல். அமெரிக்காவின் மெர்க் நிறுவனம் தையபெண்டசோல் என்ற மருந்தை வெளியிட்டது. பென்சிமிடசோல் என்ற மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. பலவகைப் புழுக்களைக் கொல்லும், ஆட்டுக்குத் தீங்கு குறைவு. கால்நடை மருத்துவர்கள் புழுப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றே நம்பியிருப்பார்கள். ஆனால் 1964-லேயே அந்த மருந்துக்கு அசையாத ஹீமாங்கஸ் புழுக்களை அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். கென்டக்கியில் இதே ஆராய்ச்சியாளர்கள் 1957-ல் பீனோதையசினுக்குத் தப்பிக்கும் புழுவையும் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். மருந்து வந்த மூன்றே ஆண்டில் புழு வழி கண்டுபிடித்த அந்தச் செய்தியை உலகம் போதிய அளவு காதில் வாங்கவில்லை என்பது என் கருத்து.

அந்தக் குடும்பத்தின் இளைய பிள்ளைதான் நம் அல்பெண்டசோல். ஸ்மித்க்ளைன் நிறுவனத்தின் கால்நடை மருந்து ஆய்வில் பிறந்தது. ஜியூரிக், தியோடோரிடிஸ் என்ற இருவர் பெயரில் 1975-ல் அமெரிக்கக் காப்புரிமை பதிவானது. மூத்ததைவிடக் குறைந்த அளவே போதும். உருண்டைப்புழு, நாடாப்புழு இரண்டையும் தாக்கும். அளவு கூட்டினால் வளர்ந்த ஈரல் தட்டைப்புழுவையும் கொல்லும். ஏரியும் நத்தையும் உள்ள பாகூர் போன்ற ஊருக்கு இது சின்ன விஷயமில்லை, ஏனென்றால் தட்டைப்புழு நத்தை வழியாகத்தான் ஆட்டுக்கு வருகிறது.

அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்து நம் ஊர்க் கடைக்கு மலிவாக வந்து சேர்ந்ததற்கு ஒரு சட்டமும் காரணம். 1970-ல் இயற்றப்பட்ட இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, செய்முறைக்கு மட்டுமே தந்தது. வேறு செய்முறையில் அதே மருந்தை இந்திய நிறுவனங்கள் தயாரிக்க முடிந்தது. 2005-ல் சட்டம் மாறுவதற்குள் அல்பெண்டசோல் இந்தியாவில் எங்கும் நிறைந்துவிட்டது. இரண்டு ஆடு வைத்திருக்கும் விதவைப் பெண் கூடக் கைக்காசில் வாங்கக்கூடிய மருந்தாக அது ஆனது இப்படித்தான். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறக்குறைய 15 கோடி வெள்ளாடுகள். அவற்றில் பெரும்பங்கு நிலமில்லாதவர்கள், சிறு விவசாயிகள் வீட்டில் இருப்பவை. மருந்து மலிவானது அவர்களுக்குக் கிடைத்த நன்மை. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆட்டுக்காகப் பிறந்த இந்த மருந்து மனிதரிடமும் வந்தது. யானைக்கால் நோயை ஒழிக்க உலக அளவில் எடுத்த முயற்சிக்கு அல்பெண்டசோல் மாத்திரைகளை இலவசமாகத் தருவதாக ஸ்மித்க்ளைன் பீச்சம் நிறுவனம் 1998-ல் அறிவித்தது. இந்தியாவில் டி.இ.சி. என்ற யானைக்கால் நோய் மாத்திரையோடு இதையும் சேர்த்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். அந்த நோய் இருந்த இடங்களின் பட்டியலில் புதுச்சேரியும் இருந்தது. கொசுவால் பரவும் அந்த நோயை ஆராய்வதில் பெரும்பங்கு ஆற்றிய கொசு ஒழிப்பு ஆராய்ச்சி மையம் 1975-லிருந்து புதுச்சேரியிலேயே இயங்குகிறது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகள் மென்று தின்னும் 400 மில்லிகிராம் மாத்திரையும் இதே அல்பெண்டசோல்தான். செலியமேட்டில் ஒரே வீட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் கொட்டகையிலுள்ள குட்டியும் ஒரே மருந்தைச் சாப்பிடுகிறார்கள் என்பதை ஆடு வளர்ப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஒன்றில் செய்யும் கவனக்குறைவு மருந்தின் மதிப்பையே குறைக்கும்.

சரி, பாட்டில் வீட்டுக்கு வந்துவிட்டது. இனி நடப்பதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

குட்டியைக் காலிடுக்கில் அணைத்துப் பிடிக்க வேண்டும். தலையை நேராக வைக்க வேண்டும். மூக்கு கண்ணைவிட உயரக் கூடாது, உயர்த்தினால் மருந்து மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் கெட்டுப்போகும். ஊசி கழற்றிய சிரிஞ்சைக் கடைவாய் ஓரமாக நுழைத்து, நாக்கின் அடிப்பகுதிக்கு மேல் கொண்டுபோய் மெதுவாக அழுத்த வேண்டும். அங்கேயே ஏன்? பால் குடிக்கும் குட்டிக்கு உணவுக்குழலின் முடிவில் ஒரு மடிப்பு இருக்கிறது. அது மூடிக் குழாயாகும்போது, வாயின் முன்பக்கம் விழும் திரவம் முதல் வயிற்றைத் தாண்டி நேராக நான்காம் வயிற்றுக்குப் போய்விடும். அங்கே போனால் மருந்து சீக்கிரம் கடந்து போகும். முதல் வயிற்றில் விழுந்தால் தீனியோடு கலந்து, நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்குப் போகும். இந்த மருந்துக்கு எவ்வளவு நேரம் புழுவோடு பொருதுகிறது என்பதுதான் பலம். நாக்கின் அடிப்பகுதியில் விடுவதா நுனியில் விடுவதா என்பதில் அதன் வெற்றியில் ஒரு பங்கு இருக்கிறது.

இரத்தத்துக்குப் போன மருந்து ஈரலுக்கு வரும். ஈரல் அதை சல்ஃபாக்சைடு என்ற வடிவமாக மாற்றும். புழுவைக் கொல்வது அந்த வடிவம்தான். பிறகு ஈரலே அதை மறுபடி மாற்றி சல்ஃபோன் ஆக்கிச் செயலற்றதாக்கி வெளியே அனுப்பும். இங்கேதான் வெள்ளாட்டின் தனித்தன்மை. செம்மறியைவிட வெள்ளாட்டின் ஈரல் இந்த வேலையை வேகமாகச் செய்கிறது. அதே எடை, அதே அளவு மருந்து என்றாலும் வெள்ளாட்டின் இரத்தத்தில் அது குறைந்த நேரமே நிற்கும். செம்மறிக்குக் கண்ட அளவையே வெள்ளாட்டுக்கும் கொடுத்துவந்தது, வெள்ளாட்டுப் புழுக்கள் மருந்துக்குப் பழகிப்போக ஒரு முக்கியக் காரணம். பல நாடுகளில் இந்த மருந்துக் குடும்பத்தை வெள்ளாட்டுக்குச் செம்மறியின் அளவைவிட இரு மடங்கு வரை கொடுக்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் கிலோவுக்கு 7.5 அல்லது 10 மில்லிகிராம் என்று எழுதித் தருவது வழக்கம். எதுவாக இருந்தாலும் உங்கள் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த அளவு எடைக்குத்தான், தலைக்கு இல்லை. 2.5 சதவீத மருந்தில் ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் இருக்கிறது. 8 கிலோ குட்டிக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்றால் 80 மில்லிகிராம், அதாவது 3.2 மில்லி. ஒரு கோணிப்பையில் குட்டியை உட்கார வைத்துத் தொங்கு தராசில் மாட்டினால் எடை தெரிந்துவிடும். கண்மதிப்பில் நாம் பெரும்பாலும் குறைத்தே மதிக்கிறோம். குறைந்த அளவு என்பது வேலை செய்யாத மருந்து மட்டுமில்லை. பலவீனமான புழுவைக் கொன்று, தாங்கிய புழுவை மிச்சம் வைக்கும் வேலை அது.

புழுவின் உடம்பில் என்ன நடக்கிறது? எல்லா உயிரணுக்களுக்குள்ளும் டியூபுலின் என்ற புரதம் கோர்த்துக் கோர்த்து நுண்குழல்களாகிறது. சத்தை இடம் மாற்றுவது அந்தக் குழல்கள் வழியாகத்தான். அல்பெண்டசோல் புழுவின் டியூபுலினைப் பிடித்துக்கொள்கிறது. குழல் கட்டமுடியாமல் போகிறது, குடலின் உயிரணுக்கள் சர்க்கரையை எடுக்க முடியாமல் நிற்கின்றன, இரத்தத்துக்கு நடுவிலேயே புழு பட்டினியில் சாகிறது. தப்பிக்கும் புழுவிடம் ஒரே ஒரு மாற்றம்தான் பெரும்பாலும் இருக்கிறது. அந்தப் புரதத்தின் 200-ஆவது இடத்தில் ஃபீனைல்அலனின் இருக்க வேண்டிய இடத்தில் டைரோசின் உட்கார்ந்திருக்கும். மரபணுவில் ஒற்றை எழுத்து மாறியதன் விளைவு. 1990-களில் ஹீமாங்கஸ் புழுவில் இதைக் கண்டறிந்தபோது, மருந்தை இத்தனை பெரிய தொழிற்சாலைகள் தயாரிக்க, புழு ஒற்றை எழுத்தை மாற்றி வெல்கிறது என்ற உண்மை வெட்டவெளிச்சமானது.

அந்த மாறிய புழு எங்கோ தொலைவில் இல்லை. 1976-ல் உத்தரப் பிரதேசத்துச் செம்மறிகளில் பீனோதையசினுக்கும் தையபெண்டசோலுக்கும் அசையாத ஹீமாங்கஸை வர்ஷ்னே, சிங் இருவரும் பதிவு செய்தார்கள். தமிழ்நாட்டில் நீலகிரி சாந்திநல்லா செம்மறி இனப்பெருக்க ஆராய்ச்சி நிலையத்தில் இந்த மருந்துக் குடும்பத்துக்கு எதிர்ப்பு கொண்ட புழுக்களைப் பற்றி ஆய்வுகள் வந்திருக்கின்றன. முறையாக நடத்தப்படும் அரசுப் பண்ணையிலேயே இப்படியென்றால், சந்தைக்குச் சந்தை ஆடு மாறும் ஊர்களில் என்ன நிலை என்று ஊகிப்பது கடினமில்லை. மதகடிப்பட்டுச் சந்தையில் வாங்கி வரும் ஆடு, தன் வயிற்றில் பழைய உரிமையாளரின் மருந்துப் பழக்கத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. புது ஆட்டை இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்து, மருத்துவரிடம் கேட்டு வேறு குடும்பத்து மருந்தும் சேர்த்துக் கொடுத்து, புழுக்கை சோதித்த பிறகு மந்தையில் விடுவதுதான் சரி. புது மருந்து வரும் என்று காத்திருப்பதும் வீண். மோனெபான்டெல் என்ற முற்றிலும் புதிய மருந்து 2009-ல் நியூசிலாந்தில் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அதற்கும் தப்பிய புழுக்கள், ஆடு வளர்க்கும் பண்ணை ஒன்றில் பிடிபட்டன.

நாம் காலங்காலமாகச் சொல்லிவந்த ஓர் அறிவுரையையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. "எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்று, மறுநாள் புது மேய்ச்சலுக்கு ஓட்டு" என்பது பழைய வழி. சம்பா அறுத்த தாளடியில் ஆட்டை விடும் முன் இப்படிச் செய்வது இங்கே வழக்கம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் நடப்பது வேறு: மருந்துக்குச் செத்தவை எல்லாம் போய்விட, தப்பிய புழுக்களின் முட்டைகள் மட்டும் சுத்தமான தாளடியில் விழுகின்றன. அடுத்த தலைமுறை முழுக்க அவற்றின் வாரிசு. மருந்து படாத சாதாரணப் புழுக்கள் கொஞ்சம் மந்தையில் இருந்தால், அவற்றின் முட்டைகள் கலந்து எதிர்ப்புப் புழுக்களின் பங்கு குறையும். அதனால்தான் இப்போது எல்லா ஆட்டுக்கும் ஊற்றாதே, தேவைப்படும் ஆட்டுக்கு முழு அளவு ஊற்று என்கிறார்கள்.

தேவைப்படுவது எது என்று எப்படித் தெரியும்? தென்னாப்பிரிக்காவில் ஃபாஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவர் ஒரு வண்ண அட்டையை உருவாக்கினார். அவர் பெயரைச் சேர்த்து ஃபமாச்சா என்று அழைக்கிறார்கள். அட்டை கையில் இல்லாவிட்டாலும் முறை எளிது. பகல் வெளிச்சத்தில் ஆட்டின் மேல் இமையைக் கட்டைவிரலால் மூடி, கண்ணை இலேசாக உள்ளே அழுத்தி, கீழ் இமையை இன்னொரு விரலால் கீழே இறக்க வேண்டும். உள்பக்கச் சவ்வு நல்ல சிவப்பாக இருந்தால் அந்த ஆட்டை விட்டுவிடலாம். இளஞ்சிவப்பு மங்கி வெளுக்கத் தொடங்கினாலே குட்டிக்கு மருந்து வேண்டும். முழுக்க வெளுத்திருந்தால் மருந்தோடு மருத்துவரும் வேண்டும். பெரிய ஆட்டில் கொஞ்சம் பொறுக்கலாம், குட்டியில் பொறுக்கக்கூடாது. குட்டியின் உடம்புக்கு இந்தப் புழுவை எதிர்க்கும் சக்தி பிறந்து ஐந்தாறு மாதம் வரை வருவதே இல்லை, வெள்ளாட்டுக்கு அது முழுமையாக எப்போதும் வருவதில்லை. குட்டி ஈன்ற தாய் ஆட்டின் புழுக்கையில் அந்தச் சமயத்தில் முட்டை கூடுதலாக வரும். தாயின் காலடியில் முதன்முதலாகப் புல்லைக் கடிக்கப் பழகும் குட்டிதான் அதிலிருந்து வரும் இளம்புழுவைத் தின்கிறது. அதனால் மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குட்டிகளின் கண்ணைப் பார்ப்பதை வீட்டு வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

மருந்தை வீணாக்கும் இரண்டு தவறான நம்பிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். புழுக்கையில் வெள்ளை வெள்ளையாகத் தட்டைத் துண்டுகள் நெளிவதைப் பார்த்துப் பயந்து மருந்து வாங்க ஓடுகிறோம். அது நாடாப்புழு, மொனீசியா. பார்க்க அருவருப்பு, ஆனால் குட்டியைக் கொல்வது பெரும்பாலும் அதுவல்ல. கொல்லும் ஹீமாங்கஸ் புழுக்கையில் கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது, ஒரு மாதத்திலிருந்து நான்கைந்து மாதம் வரையுள்ள குட்டிக்கு நீராகவோ இரத்தம் கலந்தோ கழிச்சல் வந்தால் உடனே பூச்சி மருந்து ஊற்றுவது. பல நேரம் அது ரத்தக்கழிச்சல் என்ற காக்சிடியா நோய். அதை உண்டாக்குவது புழுவே இல்லை, நுண்ணுயிர். அல்பெண்டசோல் அதைத் தொடாது. சல்ஃபா, ஆம்ப்ரோலியம் போன்ற வேறு மருந்துகள் வேண்டும், அதோடு நீரிழப்பைச் சரிசெய்ய வேண்டும். மருந்தைத் தவறாக ஊற்றும் ஒவ்வொரு முறையும் குட்டிக்கு நாள் வீணாகிறது. சினைப்பிடித்து ஒன்றரை மாதம் ஆகாத ஆட்டுக்கு அல்பெண்டசோல் கொடுக்கவே கூடாது, கருவுக்குக் கேடு. கறிக்கு விற்கும் கிடாய்க்குக் கொடுத்தால், பாட்டிலில் எழுதிய நாட்கள் கழிந்த பிறகே விற்க வேண்டும்.

மருந்தை விடுத்து மீதி வேலையை ஊரே செய்ய முடியும். பனி காயும் வரை ஆட்டைப் பட்டியில் வைத்திருப்பது நம் தாத்தாக்கள் சொன்னது. இளம்புழு பனியில்தான் புல்லேறுகிறது என்று ஆராய்ச்சி அதையே சொல்கிறது. வாய்க்கால் ஓரத்துக் கட்டைப்புல்லைவிட, வெட்டிக் கட்டும் அகத்தி, சவுண்டல், வேலிமசால் தழை பாதுகாப்பானது. வெள்ளாடு இயல்பிலேயே மேலே எட்டித் தழை தின்னும் பிராணி. குனிந்து புல் மேயவைத்தது நம் வசதி. தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில் பலகை இடைவெளி விட்டுப் பரண் போட்டால், புழுக்கை கீழே விழுந்துவிடும், குட்டியின் வாய்க்குத் திரும்பி வராது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் மூலிகை வைத்தியத்தைப் பரப்பிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி, சீரகம், கடுகு, மிளகு, பூண்டு, மஞ்சள், வேப்பிலை, தும்பை, பாகற்காய், வாழைத்தண்டு சேர்த்து அரைத்து வெல்லத்தோடு உருட்டிக் கொடுக்கும் முறையைப் பல ஊர்களுக்குக் கொண்டுசென்றார். புழுச்சுமை குறைவாக உள்ள மந்தைக்கு அதைப் பயன்படுத்தட்டும், மருந்தின் தேவை குறையும். ஆனால் கண் வெளுத்துத் தாடை வீங்கிய குட்டிக்கு அதை மட்டும் கொடுத்துக் காத்திருப்பது அதைச் சாகவிடுவதற்குச் சமம். இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

கடைசியாக, கேட்பது இதுதான். நம் வீட்டு மருந்து இன்னும் வேலை செய்கிறதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது, அதற்குச் செலவும் குறைவு. மருந்து கொடுக்கும் நாளிலும், பிறகு பத்து முதல் பதினான்கு நாள் கழித்தும், அதே ஆடுகளின் புழுக்கையைச் சோதிப்பது. மூன்று கிராம் புழுக்கையை 42 மில்லி தண்ணீரில் கரைத்து வடிகட்டி, பிறகு உப்புத் தண்ணீரில் கலந்தால் முட்டைகள் மிதந்து மேலே வரும். 1939-ல் சிட்னி மக்மாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் கார்டன், விட்லாக் இருவரும் வடிவமைத்த கண்ணாடித் தகட்டில் ஊற்றி, இரண்டு அறைகளிலும் கோட்டுக்குள் உள்ள முட்டைகளை நுண்ணோக்கியில் எண்ணி 50-ஆல் பெருக்கினால், ஒரு கிராமில் எத்தனை முட்டை என்று கிடைக்கும். இரண்டாவது எண்ணிக்கை 95 சதவீதம் குறைந்திருக்காவிட்டால் அந்த ஊரில் அந்த மருந்து தோற்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இதற்குத் தேவையானது ஒரு நுண்ணோக்கி, ஒரு தகடு, கொஞ்சம் உப்பு, பொறுமையுள்ள ஓர் ஆள். குருமாம்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஐப்பசிக்கும் முன்னால் பாகூர், வில்லியனூர் கொம்யூன் ஊர்களில் இந்தச் சோதனையை முகாமாக நடத்தி, எந்த ஊரில் எந்த மருந்து இன்னும் பலிக்கிறது என்று பலகையில் எழுதிவைக்க வேண்டும். ஆடு வளர்ப்பவர்களே, நீங்களும் கேளுங்கள். மழை தொடங்குவதற்கு முன் பத்து ஆடுகளின் புதுப் புழுக்கையைத் தனித்தனிப் பையில் போட்டு, வெயில் படாமல் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போய், எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.